ஒரு டப்பா மாத்திரை

லீட்ஸ், 14 மார்ச் 1887

அன்பு மகளுக்கு,

உன் கணவர் மீதான அவதூறு வழக்கில் இன்று நண்பகல் வென்றோம். நஷ்டஈட்டுக்காக மருந்துக்கடையை விற்க வேண்டியதில்லை; அது இனியும் உங்களுடையதே.

அஜீரண மாத்திரையில் சோப்பும் பேதிக்கான கரியபோளமும்தான் உள்ளன என்று அவர் சொன்னது அவதூறா, உண்மையா என்பதே கேள்வி. 'டப்பா முழுவதையும் கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தை, வழக்குத் தொடுத்த மாத்திரை முதலாளி கிராப்ட்ரியிடம் காட்டினேன்.

"அப்படீன்னா இந்த டப்பாவை இங்கேயே முழுங்குங்க, ஐயா."

"இப்பவா? நான் இன்னும் சாப்பிடவே இல்லையே!"

"முழுங்குய்யா! கக்கூஸ் பின்னாடிதான் இருக்கு!" என்று பார்வையாளர் மாடத்திலிருந்து ஒரு நெசவாலைக்காரர் கத்தினார். நீதிபதியே சிரித்துவிட்டார். கிராப்ட்ரி விழுங்கவில்லை. ஜூரிகள் இருக்கையைவிட்டு எழாமலே தீர்ப்புச் சொன்னார்கள்.

கைகுலுக்கிய எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "கட்சிக்காரர் உங்களுக்கு உறவா?" என்றார். திருமணத்துக்கு வராத நான், மூன்றாண்டுகளில் முதல்முறையாக, "என் மாப்பிள்ளை" என்றேன்.

ஞாயிறு மதியம் இருவரும் சாப்பிட வாருங்கள்.

உன் தந்தை