தாகத்தில் பிறந்தவை

எல் ரெமான்சோ, நியூ மெக்சிகோ
ஏப்ரல் 4

என் கிழவிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன், வேறு பெயர் வாயில் வரவில்லை.

நீ மகள் வீட்டுக்குப் போய் இது இரண்டாவது வசந்தம். டென்வர் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நீடியா சுகமா? இங்கே வாய்க்கால் தூர் வாரியாகிவிட்டது. தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி வேலையை மறுபடி என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். "உபால்டோவ விட்டா நேர்மையான ஆளு ஏது?" என்கிறார்கள்.

ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். அந்த வறட்சி வருஷம் உன் மிளகாய்ப் பாத்தியில் காய்ந்தது போகச் சில செடிகள் பிழைத்தன அல்லவா? நீ போன பிறகு அவற்றின் சூம்பிய பழங்களிலிருந்து விதை எடுத்தேன். போன வருஷம் அதையும், நீ தகர டப்பாவில் வைத்திருந்த நல்ல வருஷத்து விதையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன். ஜூன் வெயிலில் டப்பா விதைச் செடிகள் மதியத்துக்கே தலை தொங்கின. தாகத்தில் பிறந்தவை அசையவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் முழ நீளம் இருந்தது. தாய் பட்ட பாடு விதைக்குத் தெரிந்திருக்கிறது, கசில்டா.

இந்த வருஷம் உன் பாத்திக்கு எடுத்தது போக, மிச்ச விதையை இதில் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் ஊரே மிளகாய் பறித்துத் தீயில் சுடும்போது வந்துவிடேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உன் உபால்டோ

*

டென்வர்
மே 16

உபால்டோ,

விதை வந்தது. உறையைப் பிரித்ததும் நம் வீட்டு வாசனை. நீடியா பார்க்காதபோது கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துக்கொண்டேன்.

நேற்று நம் உழவர்களின் புனிதர் சான் இசிட்ரோ திருநாள். சிலையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நீதான் முன்னால் போயிருப்பாய். பீன்ஸ் யார் சமைத்தது? உப்பு இருந்ததா?

அந்த வருஷம் தண்ணீர் குறைந்ததும் ஊரில் முதலில் நீ அடைத்தது நம் மடையை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் முறைத் தண்ணீர் பக்கத்து வயல் அனஸ்தாசியோவின் குதிரைமசால் புல்லுக்குப் போயிற்று. அம்மா கொடுத்த மிளகாய் கருகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நீர்க்கட்டி வீட்டுலயே மொதல்ல அடைச்சாத்தான் ஊரு கேக்கும்" என்றாய். ஊர் கேட்டது, உன்னைப் புகழ்ந்தது. இப்போது அந்தப் பாடு விதைக்கு நல்லதாகிவிட்டது என்கிறாய். எனக்கும் நல்லதாகிவிட்டது என்கிறாயா?

விதையைப் பால்கனி வாளிகளில் போட்டேன். முளைத்துவிட்டது. செப்டம்பரைப் பற்றி யோசிக்கிறேன்.

கசில்டா

*

எல் ரெமான்சோ
ஆகஸ்ட் 9

என் கிழவிக்கு,

யோசிக்கிறேன் என்று நீ எழுதியதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ சொன்னது சரி, உன்னைக் கேட்டிருக்க வேண்டும். பதில் எழுதத் தெரியாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். சமையலறைச் சன்னலுக்கு நீலப் பெயிண்ட் அடித்தாயிற்று. சுடுவதற்கு விறகும் அடுக்கிவிட்டேன்.

இந்த வருஷமும் வாய்க்கால் மெலிந்துவிட்டது. சனிக்கிழமை நம் முறை. அனஸ்தாசியோ வாசலில் வந்து நின்று, "எம் புல்லு காயுதுப்பா" என்றார். மனசு கேட்கவில்லை, விட்டுக்கொடுத்தேன். நீ கவலைப்படாதே. உன் பாத்திதான் எதையும் தாங்குமே.

சீக்கிரம் வா.

உபால்டோ

*

டென்வர்
அக்டோபர் 3

உபால்டோ,

பெட்டி கட்டி வைத்திருந்தேன். நீல நிறக் கவுன்கூட மடித்து வைத்தாயிற்று. அப்போது உன் கடிதம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன்.

பழக்கதோஷத்தில் நானும் இந்தச் செடிகளுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊற்றினேன். நீடியா சத்தம் போட்டாள்: "ஏம்மா, கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. இதுங்களுக்கு எதுக்குத் தண்டனை?" அன்றிலிருந்து வயிறு நிறைய ஊற்றுகிறேன். இலையெல்லாம் உள்ளங்கை அகலம். தாகம் தாங்கத் தெரிந்த செடிக்கும் தண்ணீர் பிடிக்கிறது, உபால்டோ. இத்தனை வருஷத்தில் நீ அதைப் பார்க்கவே இல்லை.

சுடுகிற மிளகாய் வாசனைக்கு ஏங்குகிறேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நீ சீட்டி அடித்தபடி வருவதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தினமும்தான்.

வாளியில் பழுத்ததிலிருந்து விதை எடுத்து அனுப்புகிறேன். தண்ணீர் கண்ட தாயின் பிள்ளைகள் இவை, வெயிலில் துவண்டாலும் துவளும். வசந்தத்தில் மடைக்குப் பக்கத்திலேயே போடு. நம் முறை வரும்போது தண்ணீர் விடு, வாசலில் யார் வந்து நின்றாலும் சரி. பழுத்ததும் எழுது, அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

காய்ந்துபோனால் எழுத வேண்டாம்.

உன் கிழவி