சம்பந்தி கேட்ட புரதக் கேள்வி

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று புது டிவியின் ரிமோட்டைத் தலைமாற்றிப் பிடித்து, என் தொப்பையைப் பார்த்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். லீவுக்கு வந்திருந்த மலர்தான் வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். "அகச்சிவப்பு ஒளி டிவிக்குப் போகணும்ப்பா. உங்க வயித்துல எந்த சேனலும் வராது." வீடே சிரித்தது. எனக்கு மட்டும், அகச்சிவப்பு என்ற சொல்லைக் கேட்டதும், உங்கள் ஞாபகம் வந்தது.

உங்கள் மகனுக்கு அவளைப் பெண் பார்க்கத் திருநள்ளாற்றிலிருந்து எங்கள் தருமபுரம் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "பொண்ணு மெட்ராஸ்ல என்ன ஆராய்ச்சி பண்ணுதுங்க?" என்று கேட்டீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். "லைட்டு சம்பந்தமாங்க" என்றேன். "ஒயரிங் வேலையாங்க?" என்றார் உங்கள் வீட்டம்மா.

காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் நின்றுவிட்டாள். "இல்லைங்க அத்தை. ரத்தத்துல இருக்கிற புரதம். அகச்சிவப்பு ஒளி பட்டா அது முழுக்க அதிரும். எல்லாம் ஒண்ணா அதிர்றதால எந்த மூலையில என்ன நடக்குதுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. அதனால, தனி விதமா அதிர்ற ஒரு சின்ன மூலக்கூறை உள்ள சேர்ப்போம். பக்கத்துல ஏதாவது அசைஞ்சா அதோட அதிர்வு லேசா மாறும். அதுதான் எங்களுக்கு ஒற்றன்."

உள்ளே போ என்று அர்த்தம் வர நான் இருமினேன். "அப்பாவுக்குத் தண்ணி குடும்மா" என்றீர்கள். பிறகு அவளிடமே கேட்டீர்கள். "வெளி ஆளு உள்ள போனா அந்த எடமே மாறிடாதா?"

"மாறலாம் மாமா. எவ்வளவு மாறுதுன்னு பார்க்க இன்னும் ரெண்டு வருஷம் வேணும்."

போச்சு! அந்த இரண்டு வருஷத்தைத் தட்டு மாற்றிய பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உங்கள் வீட்டம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். ஒன்று சம்பந்தம் போகும், இல்லாவிட்டால் படிப்பு நிற்கும் என்றே நினைத்தேன்.

"கல்யாணத்துக்கப்புறமும் மெட்ராஸ் போவணுமா?" என்றீர்கள்.

"ஆமாங்க மாமா."

"போய்த்தானே ஆவணும். பாதியில விட்டா அது மாறுச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பிறகு அவள் ஊருக்கு வரும்போதெல்லாம், வயலிலிருந்து வந்து கால் கழுவுமுன் "மாறுச்சாம்மா?" என்பீர்கள். கடைசியில் ஒருநாள், "கொஞ்சம் மாறுச்சு மாமா, ஆனா கெட்டுப்போகல" என்றாள். திருப்தியாகத் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன், புரிந்த மாதிரி.

பெண்ணைக் கொடுத்தவன் என்பதால் உங்கள் வீட்டில் நான் எப்போதும் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். "நல்லா சாஞ்சு உட்காருங்க, நாற்காலி கடிக்காது" என்பீர்கள். சிரிப்பேன், சாய்ந்ததில்லை. பஸ் ஏற்றிவிட நீங்களே கூட வருவீர்கள். ஒவ்வொரு தடவையும், போகுமுன் உங்களை ஒருமுறை சிநேகிதரே என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். பஸ் வந்துவிடும். "வர்றேங்க சம்பந்தி" என்றுதான் வாயில் வரும்.