இடது மணிக்கட்டு

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஞாயிறு, காலை

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை இரண்டு வேளையும் மேலே இருப்பவனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உறையின் மேல் உன் அண்ணன் பேர் இருக்கும். அங்கே உன்னை அந்தப் பேரில்தானே தெரியும். உள்ளே நீ எனக்குச் சின்னவன்தான். உங்கள் விடுதிப் போனைச் சுற்றி எப்போதும் நாலு காது நிற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. துண்டுகளை ஒரே இடத்தில் போடாதே. என் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். கற்றுக்கொடுத்தவன் நீ, உன்னையே திட்டிக்கொள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அண்ணன் பெரிய டீமில் இறங்கி ஆடிவிட்டான். அகாடமியில் நாலு வருஷம் மண்ணில் புரண்டதற்கு நேற்றுத்தான் விடிந்தது. எழுபத்தொன்பதாவது நிமிஷம், வலது ஓரம் ஆடுபவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், மற்ற நாலு பேரும் தாடி மீசை வைத்தவர்கள். அவர் விரல் இவனைக் காட்டியபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கூடுதலாகக் கொடுத்த நாலையும் சேர்த்தால் பதினைந்து நிமிஷம் ஆடினான். ஒன்பது தடவை பந்து காலுக்கு வந்தது. ஏழு தடவை நம் ஆளிடமே போனது, ஒன்று கோட்டைத் தாண்டிவிட்டது, ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் ஏற்றிவிட்டேன். அகாடமிக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்து அவன் ஆடிய ஒவ்வொரு நிமிஷமும் அதில் இருக்கிறது.

ஒலிபெருக்கியில் ஒருத்தன் பதினாறே வயது, பதினாறே வயது என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருத்தர், பதினாறுலயே இந்தத் தோளா, என்னத்தப்பா போட்டு வளர்க்குறாங்க என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே எல்லோருக்கும் அவன் குட்டி. பந்துக்குக் காற்றடிப்பது, பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைப்பது எல்லாம் இவன்தான். பதினேழு வயதுப் பையன் ஒருவன், டேய் குட்டி, பால் பாட்டில் எடுத்துட்டு வந்தியாடா என்று கேட்கிறானாம். நம் பதினெட்டு வயதுக்காரன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறான்.

ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டி யாருக்கு நன்றி சொல்வாய் என்று கேட்டார்கள். எங்க அண்ணனுக்கு, அவன் வேலைக்குப் போனதாலதான் நான் ஆடுறேன் என்றான். வெளியாள் முன்னால் உன்னை அண்ணா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் நாக்கு அதற்கே படிந்துவிட்டது. முதல் தடவை அகாடமிக்காரர் வீட்டுக்கு வந்த அன்று, அண்ணா தண்ணி கொண்டா என்று அவன் சொல்ல, நீ அடுக்களைக்குள் ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். டம்ளரில் பாதி சிந்திப்போனது. உனக்குப் பன்னிரண்டு வயது. ஏதோ விளையாட்டு என்று நினைத்தாய்.

அந்த வருஷம் பன்னிரண்டு வயதுக்காரர்களை மட்டும்தான் எடுப்போம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அவனுக்கு அப்போது பதினாலு. நாம் வீடு மாறி வந்த புதிது, யாருக்கும் நம்மைத் தெரியாது. பீரோவில் இரண்டு பிறப்புச் சான்றிதழ் இருந்தது. உன்னுடையதை அவன் கையில் கொடுத்தேன். அவனுடையதை வைத்து உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். பேரும் தேதியும் சேர்ந்தே இடம் மாறின. மூன்று நாள் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் செய்தேன். தப்பு என்றால் தடுத்துவிடு என்று கேட்டேன். ஆண்டவன் தடுக்கவில்லை. உனக்கு அந்தப் பெரிய வகுப்புப் பாடம் ஏறவில்லை, ஃபெயிலானாய், வேலைக்குப் போனாய். அதை நான் ஆண்டவனிடம் கேட்கவில்லை.

நீயும் நன்றாக ஆடுவாய் என்று எனக்குத் தெரியும். அன்று உன்னை மைதானத்துக்குக் கூட்டிப்போகாதது அதனால்தான். ஒரு சான்றிதழில் இரண்டு பேர் ஆட முடியாது.

போன மாதம் பதினெட்டு முடிந்துவிட்டது என்று அட்டைப்பெட்டிக் கம்பெனியில் உன்னைப் பசை ஒட்டும் இடத்திலிருந்து அட்டை வெட்டும் மெஷினுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னாய். பெடலை மிதிக்க இடுப்பையே தூக்க வேண்டியிருக்கிறது என்றாய். காகிதத்தில் பதினெட்டு ஆனாலும் உடம்பில் பதினாறுதானே. பழகிவிடும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே.

உன்னைக் காப்பவன் தூங்குவதில்லை.

உங்கள் இருவருக்கும் அம்மா

*

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வியாழன்

சின்னவனுக்கு,

அன்று போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபமா? கத்தி இறங்கும் வேகத்துக்குக் கையை இழுக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது, சூப்பர்வைசரிடம் உண்மையான வயதைச் சொல்லிவிடவா, பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவார் என்று கேட்டாய். இவ்வளவையும் விடுதியில் நின்று சத்தமாகக் கேட்டாய். சொல்லாதே கண்ணு. இப்போது சொல்லவே கூடாது. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஆடும் நாட்டு அணிக்கு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் எடுபட்டால்தான் கிளப்பும் மூன்று வருஷ ஒப்பந்தம் போடும். ஆனால் போவதற்கு முன்னால் இடது மணிக்கட்டை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். வளர்கிற பிள்ளைக்கு அங்கே எலும்பின் நுனியில் ஒரு கோடு தெரியும், வளர்ந்து முடிந்தவனுக்கு அந்தக் கோடு மூடிவிடும் என்கிறார்கள். காகிதம் பொய் சொல்லும், எலும்பு சொல்லாதுடா என்று கோச் பிள்ளைகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். இவன் வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடாமல் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரு ஏஜென்ட் வாய்த்திருக்கிறார். அவர் போய் ஒரு மணி நேரம் ஆனாலும் வீட்டில் சென்ட் வாசனை போவதில்லை. பிள்ளைகளுக்கு வயது ஒன்றிரண்டு கூட இருந்தால் என்ன ஆகும் என்று ஊர்க்கதை கேட்பது போல அவரிடம் கேட்டுப் பார்த்தேன். அம்மா, பதினெட்டுல இப்படி ஆடுறவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான், பதினாறுல ஆடுறவன் இவன் ஒருத்தன்தான் என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். காபி ஆறுகிறது என்றேன்.

ஆகவே நீ வர வேண்டும். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி, காலை ஒன்பது மணிக்கு. கிளப் ஆள் யாரும் கூட வருவதில்லை, சீட்டைக் கையில் கொடுத்து ஸ்கேன் சென்டருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சான்றிதழில் இருப்பது உன் பேர். உன் தேதி. படத்தில் விழப்போவது உன் எலும்பு. இதில் பொய் எங்கே இருக்கிறது? நானும் முட்டி போட்டு நெடுநேரம் யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக எல்லாம் நிஜமாக இருக்கப்போகிறது. அந்தப் பேரைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்துவிடு. யாரும் உன்னை அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது, கவனம்.

அண்ணன் முடிவெட்டியிருக்கிற படம் இதோடு வைத்திருக்கிறேன், அதே மாதிரி வெட்டிக்கொள். மூக்கு இருவருக்கும் அப்பாவுடையது, கவலை இல்லை. உயரத்தில் நீ இரண்டு விரற்கடை குறைவு, உட்கார்ந்தால் தெரியாது. லீவுக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அதுவும் முழுப் பொய் இல்லை.

மாடி வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், உங்க மூத்தவன் தங்கம், தம்பிக்காக இப்படி யாரு உழைப்பா என்கிறாள். ஆமாம் என்கிறேன். உன்னைத்தானே சொல்கிறாள்.

தம்பியிடம் நானே கேட்கிறேன் என்று அண்ணன் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன். அவனிடம் நீ மாட்டேன் என்று சொல்லிவிடலாம். என்னிடம் சொல்லமாட்டாய்.

இன்னும் முப்பத்தாறு நாள். அதுவரை மெஷினில் பல்லைக் கடித்துக்கொண்டு நில். ஸ்கேன் முடிந்த மறுநாள் நீ எந்த வயதைச் சொன்னாலும் தடுக்கமாட்டேன். இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகட்டும். அதற்கு மறுநாள்.

உங்கள் இருவருக்கும் அம்மா

*

ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சனி

என் கண்ணே, சின்னவனே,

செவ்வாய்க்கிழமை மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். மெஷினில் பையன் கை மாட்டிக்கொண்டது, மூன்று விரல் போய்விட்டது என்றார். உன்னிடம் மறைக்கமாட்டேன். எந்தக் கை என்றுதான் முதலில் கேட்டேன். வலது என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். இடதை விட்டு வைத்திருக்கிறான். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அது இன்னும் நிற்கவில்லை.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். ஏம்மா, பையனுக்கு நெஜமாவே பதினெட்டா, வயசு கேட்டா பதினாறுன்னு அழறானே என்றார். வலியில் உளறுகிறான் சார் என்றேன். பதினெட்டு ஆகாத பிள்ளையை அந்த மெஷினில் நிறுத்தியது தெரிந்தால் கம்பெனி லேசில் தப்ப முடியாது, அந்தப் பிள்ளைக்குக் காலம் முழுக்க நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று, யாருக்கோ நடந்தது போலக் கேட்டபோது மாடி வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார். வக்கீலிடம் வேலை பார்க்கிறவர், அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். மறுநாள் கம்பெனி ஆள் ஒரு காகிதத்தோடு வந்தார். என் மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று தாய் உறுதி சொல்லும் காகிதம். நாற்காலி கொடுத்து உட்கார வைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நீ ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

அப்பா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். புதன்கிழமை உன்னைப் பார்க்கக் கிளம்பினார். பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். அவன பாத்தா எல்லாத்தையும் சொல்லிடுவேன் என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

நானும் வரவில்லை. எதிரே நின்று உன் முகத்தைப் பார்த்தால் பதினொன்றாம் தேதி வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எழுதும்போது வருகிறது.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு முதல் நிமிஷத்திலிருந்தே அவனை இறக்குகிறார்கள். ஆட்டம் முடியட்டும். அவன் போன் செய்தால் சின்னக் காயம் என்று சொல். அவனுக்குக் கால் தடுமாறிவிடும்.

எட்டாம் தேதி உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா. சென்டரில் வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள். கட்டு கண்ணில் பட்டு யாராவது கேட்டால் கதவு இடுக்கில் நசுங்கிவிட்டது என்று சொல். பந்து ஆடுகிறவனுக்குக் காலைத்தான் பார்ப்பார்கள், கையை யார் பார்க்கப்போகிறார்கள். இடது கையில் கடிகாரம் இருந்தால் கழற்றிவிடு, அந்த மெஷினுக்குள் இரும்பு போகக்கூடாதாம். அந்த மெஷின் ஒன்றும் செய்யாது, வெளிச்சமும் சத்தமும்தான். விசாரித்துவிட்டேன். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வா.

இப்போது உன்னால் வெட்டிக்கொள்ள முடியாது. வா, நான் வெட்டிவிடுகிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் இருவரின் நிஜமான பிறந்த தேதியும் எழுதி வைத்திருந்தேன். மற்ற எல்லா இடத்திலும் தப்பாக இருந்தாலும் ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும் என்றுதான். கம்பெனி ஆள் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் வைத்துவிட்டேன். இனிமேல் அவனுக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தை யாராலும் பிடுங்க முடியாது. உன்னிடமிருந்து போனதற்கும் எங்கேயும் எழுத்து இல்லை. மேலே இருப்பவனிடம் இருக்கும்.

பெற்றவர்கள் பிள்ளையை நூறு வயது இரு என்று வாழ்த்துவார்கள். உனக்கு மட்டும் நூற்றிரண்டு கேட்டிருக்கிறேன்.

வந்துவிடு கண்ணே.

உன் அம்மா