மூட்டைக்காரன் போகும் பக்கம்

பிப்ரவரி 3, சனி

தம்பி நஷ்வானுக்கு விசா வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி கிளம்புகிறான். நெதர்லாந்தில் வெல்டிங் வேலை. அம்மா சந்தோஷமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டு டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். எப்போது திரும்புவாய் என்று தம்பியைக் கேட்டேன். முதலில் போய்ச் சேருகிறேன் என்றான். முதலில் போய்ச் சேருகிறானாம்.

பிப்ரவரி 5, திங்கள்

புதுப் போன் வாங்கியிருக்கிறான். அதன் உறை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. என் மேசையில் வைத்து, "அக்கா, இதுல அபூ கீஸை வரைஞ்சு குடேன்" என்றான். நேரமில்லை என்றேன். பள்ளிப் பிள்ளைகளின் கணக்குத் தாள்கள் திருத்தாமல் கிடப்பது உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல.

அபூ கீஸ், அதாவது மூட்டைக்காரன். சின்ன வயதில் எங்கள் அத்தாரி வீடியோ கேம் பெட்டியில் இருந்த ஒரே ஆட்டம் அவனுடையதுதான். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த தாள் கிழிந்து போனதால் அசல் பெயர் யாருக்கும் தெரியாது. முதுகில் மூட்டையோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருப்பான். அவன் தாண்டிய இடம் பின்னால் மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆட வேண்டும். அந்த நாட்களில் கரண்ட் எப்போதும் நடுவில்தான் போகும்.

பிப்ரவரி 8, வியாழன்

வரைய ஆரம்பித்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, கை சும்மா இருக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் பதினாறுக்குப் பதினாறு. மூட்டைக்குப் பழுப்பு, சட்டைக்கு நீலம், மூக்குக்கு ஒரே ஒரு கட்டம். கேமரா ஓட்டை தலையைத் தின்றுவிடும் போலிருந்தது. ஐந்து கட்டம் கீழே இறக்கினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

பெயின்ட் உரிந்துவிட்டது! நகம் பட்டதும் மூட்டை முழுவதும் தோலாகக் கையோடு வந்தது. பளபளப்பின் மேல் ஒட்டாதாம். உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. கரண்ட் போன மாதிரிதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இத்தனை வருடம் சொல்லாததை இன்று சொல்லிவிட்டேன். சாப்பாட்டின் நடுவில், அம்மா முன்னாலேயே.

"ஒவ்வொரு தடவையும் நீ வெளிய இருப்ப. நாங்க உள்ள இருப்போம்."

எங்கள் ஊர் மோசூல் தீவிரவாதிகள் கையில் அடைபட்டபோது அவன் பக்கத்து நகரமான எர்பிலில் இருந்தான். ஒரு வாரத்தில் வருகிறேன் என்று போனவன். அப்பா, அம்மா, நான் மூவரும் உள்ளே மூன்று வருடம். அப்பாவை அடக்கம் செய்தபோது அவன் இல்லை. பாதையை மூடிவிட்டார்கள், அவனால் என்ன செய்திருக்க முடியும், எனக்குத் தெரியும். தெரிந்தும்—

அவன் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கனக்காது.

பிப்ரவரி 14, புதன்

முடிந்தது. மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை. காய்ந்த பிறகுதான் கவனித்தேன், அவன் இடப் பக்கம் பார்த்து ஓடுகிறான். அரபி எழுதுகிற பழக்கத்தில் வலது ஓரத்தில் தொடங்கி இடது பக்கமாகவே கட்டம் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறேன். இவ்வளவு வருடம் ஆடிய எனக்கு அவன் எந்தப் பக்கம் போவான் என்று தெரியாதா? திருத்த நேரமில்லை. தம்பியிடம் கொடுக்கச் சொல்லி அம்மா கையில் கொடுத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

அம்மாவுக்கு முட்டி வலி, படி இறங்க முடியாது. தண்ணீர்ப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்தாள்.

"கார் முனை திரும்புறதுக்குள்ள பின்னாலயே ஊத்திடு கண்ணு. அப்பத்தான் வீடு திரும்புவான்."

கார் கிளம்பியது. பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றேன். வர நினைக்காதவனுக்கு எதற்குத் தண்ணீர்? கார் மறைந்ததும் அரளிச் செடியில் கவிழ்த்துவிட்டு மேலே வந்தேன். ஊற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

எர்பிலுக்குப் போன அன்றும் யாரும் ஊற்றவில்லை. ஒரு வாரம்தானே என்று.

பிப்ரவரி 24, சனி

அம்மாவோடு தினமும் பேசுகிறான். என்னைக் கேட்டால் ஸ்கூல் வேலையாக இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் சொல்வாள்?

மார்ச் 7, வியாழன்

மதியம் அம்மா தொழுதுகொண்டிருந்தாள். போன் அடித்தது, நானே எடுத்தேன். குளிர் தாங்கவில்லை, ரொட்டி சரியில்லை என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான்.

"தண்ணி ஊத்தலையே நீ. கார் கண்ணாடியில பார்த்தேன்."

தொழுகை விரிப்பில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆனா அபூ கீஸ் வீட்டுப் பக்கம் திரும்பி ஓடுறான். அதுவும் நீ செஞ்சதுதான். ரெண்டுல எதை நம்பறது, அக்கா?"

கை தவறி வரைந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுதானே நடந்தது.

"வரைஞ்சதை நம்பு," என்றேன்.

போனை வைத்துவிட்டு அதே பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கார் போன பக்கமாகத் தெருவில் ஊற்றினேன். எதிர்வீட்டு உம் ஸுஹைர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், யார் கிளம்புகிறார்கள் என்று கேட்டாள்.

"தம்பி."

"அவன் போய் மூணு வாரமாச்சே?"

"ஆமா. லேட்டாயிடுச்சு," என்றேன்.

மேலே போய் இன்னொரு பாத்திரம் கொண்டுவந்து அதையும் ஊற்றினேன். அது எர்பிலுக்குப் போனதற்கு.