ஜெனிஷா நடந்த தூரம்

16-8, சனி

விடியும்போதே வெக்கை. கருவாடு காய நல்ல நாள். கருங்கல் ஊரில் இருக்கும் என் கருவாட்டுக் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்தாயிற்று. வேளாங்கண்ணிக்கு நடக்கும் எங்கள் கோயில் பங்கு இளைஞர்களின் பின்னால் என் மினி லாரி. ஏற்றியது: தண்ணீர் கேன், அரிசி, பாய், மாதா படம்.

மகள் ஜெனிஷாவும், கொழுந்தியாள் மகள் ஷைனியும் காவி உடுத்தி நடக்கிறார்கள். ஜெ.வுக்கு நர்சிங் இடம் கிடைத்ததற்கு நேர்ச்சை. இடம் மார்க்கால் கிடைத்தது என்றேன். என் வீட்டுக்காரி செலின் முறைத்தாள். கோயில் வரி கட்டுவேன். திருநாளுக்குக் கொடுப்பேன். மற்றபடி மாதாவுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. வண்டி எடுத்தது பிள்ளைகளுக்காக.

18-8, திங்கள்

வள்ளியூர் தாண்டியாயிற்று. மேல்காற்று, கண்ணெல்லாம் மண். பயல்கள் கேன் கேனாகக் குடிக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்குக் கொடுத்த கேன் அப்படியே திரும்பி வருகிறது. சிக்கனமான பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெ.வுக்குக் கால் வலி. வண்டியில் ஏறச் சொன்னேன்.

"ஏறினா நேர்ச்ச முறிஞ்சு போவும்பா. நீங்க கருவாட்ட மட்டும் ஏத்துங்க."

கூட நடப்பவள் யாரோ வலி மாத்திரை கொடுத்தாளாம். சாயங்காலம் சரியாக நடந்தாள். டயரில் காற்று பார்க்கணும்.

21-8, வியாழன்

தூத்துக்குடிக்கு அப்பால் உப்பளம். கண்ணுக்கு எட்டிய வரை மரம் இல்லை, புதர் இல்லை. மதியம் ஜெ. விழுந்துவிட்டாள். பேச்சு குழறல். உடம்பு அனல். லாரியில் பாய் விரித்துப் படுக்கவைத்துத் தூத்துக்குடிக்குத் திருப்பினேன். ஷைனி மடியில் அவள் தலை.

ஆஸ்பத்திரியில் மூத்திரத்துக்கு டியூப் வைத்தார்கள். வந்தது கொஞ்சம், கடுங்காப்பி நிறம். பிறகு அதுவும் நின்றது. டாக்டரம்மா சொன்னது: வெயிலும் நடையும் தசையைக் கரைத்துவிட்டன, தண்ணீர் இல்லாத உடம்பில் வலி மாத்திரையும் சேர்ந்துகொண்டது, இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. மூன்று நாளாகச் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லையா என்று என்னைக் கேட்டார். தண்ணீர் வண்டி ஓட்டியவனை.

ஷைனியை அதட்டிக் கேட்டேன். முதலில் அழுகை. பிறகு சொன்னாள்.

"பயலுவ ரோட்டோரம் ஒதுங்குவானுவ. நாங்க எங்க போவோம் பெரியப்பா? குடிச்சாத்தானே போவணும். தங்குற எடம் வர குடிக்காண்டாம்னு பேசி வச்சோம்."

கூடையைத் திறக்காமலே சரக்கு கெட்டதா என்று சொல்வேன் நான். கேன் ஏன் நிறைந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

22-8, வெள்ளி

டயாலிசிஸ். கழுத்தில் குழாய். செலின் காலையில் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நேரே டாக்டரம்மாவிடம் போய் எல்லாம் கேட்டுக்கொண்டாள். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஷைனி மறுபடியும் போய் நடையில் சேர்ந்துகொண்டாள், ஜெ.வின் பங்கையும் நடக்கப் போகிறாளாம். கோபம் வந்தது. தண்ணீர் குடித்துத்தான் நடக்கவேண்டும், பெண்பிள்ளைகள் ஒதுங்க இடம் பார்த்து வைக்கவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டேன். வண்டியைப் பங்குப் பையன் ஓட்டுகிறான்.

24-8, ஞாயிறு

ஜெ.வின் கட்டிலில் தொங்கும் மூத்திரப் பை காலி. அதில் நூறு மில்லியாவது விழட்டும் என்று இருக்கிறார்கள் எல்லோரும்.

பூசைக்குப் போனேன். மாதாவிடம் வியாபாரம் பேசினேன்: லாரியைத் தருகிறேன், கடையைத் தருகிறேன். சொல்லும்போதே அது எந்தக் குரல் என்று பிடிபட்டது. கரையில் மீன் ஏலம் முடிந்த பிறகு வலைக்காரனிடம் கெஞ்சும் குரல். எழுந்து வந்துவிட்டேன். வாசலில் சாயா. சர்க்கரை அதிகம்.

26-8, செவ்வாய்

பை காலி. இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறதாம்.

மாலையில் ஷைனி போன். நடந்துகொண்டே செபமாலை சொல்கிறார்கள், ஜெ.வுக்காக. போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டாள். ஒருத்தி முதல் பாதி சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதி. பின்னால் லாரிச் சத்தம், யாரோ இருமுவது. வராந்தாவில் செலினும் சேர்ந்து பதில் சொன்னாள். என் வாயும் அசைந்தது. மாதாவிடம் எதுவும் வேண்டிக் கேட்கவில்லை. தருவாள் என்றும் தோன்றவில்லை. ஆனால் நாங்கள் சொல்வதை அங்கே ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதுபோல் இருந்தது. இப்படி எழுதுவேன் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

29-8, வெள்ளி

மழை மூட்டம், பெய்யவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இன்று கொடியேற்றம். மாதாவிடம் என்ன சொல்லணும் என்று ஷைனி கேட்டாள். செலின் போனை வாங்கி, "எங்க பேரச் சொல்லு மக்கா, அது போதும்" என்றாள்.

காலையிலிருந்து ஜெ.வுக்கு மூச்சுக்கு மெஷின். பை காலி. எதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு நன்றி சொன்னேன். செலின் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஒருவரை விட்டார்கள். நான் போனேன். கை வீங்கி, மோதிரம் கழற்றிய இடத்தில் வெளுப்பு. செபத்தின் முதல் பாதியை அவள் காதில் சொன்னேன். அவள் பதில் சொல்லும் நேரம் அளவுக்குச் சும்மா நின்றேன். பிறகு அடுத்ததைத் தொடங்கினேன்.