கழுதைக் குட்டியின் வலது கன்னம்

இன்று காலை என் வேலிக் கம்பிகளுக்கு இடையில் ஒரு கழுதைக் குட்டி மூக்கை நுழைத்தது. கழுதைகள் தெருவெங்கும் திரியும் குறிஞ்சிப்பிட்டியில் இது செய்தியல்ல. ஆனால் மூக்கின் நிறம் கொஞ்சம் மங்கல் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. பொம்மைக் கழுதைகளுக்கு நீ பூசிய மூக்குகளைப் பத்து வருடம் பார்த்தவளுக்கு, பிழை கழுதையுடையது.

நீ போன பிறகு உன் வீட்டுச் சன்னலடியில் யாரும் உட்காருவதில்லை. அங்கேதான் நம் பொம்மைக் குட்டிகள் பிறந்தன. களிமண்ணில் தலையும் குளம்பும் நீ பிடிப்பாய். துணியில் உடலை நான் தைப்பேன். தோல் பூசுவது உன் வேலை, கண் வைப்பது என்னுடையது.

"கண்ணை நீ வை புள்ள. மறுமையில, உருவம் செஞ்சதுக்கு உசிரும் குடு எண்டு அல்லாஹ் கேட்டா, நான் தோல் மட்டும்தான் பூசினன் எண்டு சொல்லிருவன்."

"அப்ப என்னைக் கேட்டால்?"

"நீ டீச்சர்தானே. என்னவாச்சும் கதைச்சுச் சமாளி."

முதலில் நீலம், மூக்கைச் சுற்றி மெல்லிய நரம்புகளாக. முதல்முறை பார்த்தபோது பயந்துபோனேன். குட்டி களப்பில் மூழ்கிச் செத்ததுபோல் கிடந்தது. பிறகு சிவப்பு, ஸ்பொஞ்ச் துண்டால் ஒற்றி ஒற்றி. அதன்மேல் பெயின்ட் தின்னரில் கரைத்த தோல் நிறம், வெறும் தேநீரைப்போல மெல்லியதாக. ஒவ்வொரு பூச்சுக்கும் ஒருமுறை போறணைச் சூடு. "தோலுக்குக் கீழ ஓராள் இருக்கு எண்டு தெரியோணும்" என்பாய். கலியாணத் தரகர்கள் ஒரு பெண்ணை 'மாநிறம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும் ஊரில், ஒரு கழுதைக்கு நீ ஒன்பது பூச்சு வைத்தாய்.

பெருநாள் கேக்கும் அதே போறணையில்தான் வெந்தது. "இந்தக் கேக் கத்தும் போல இருக்கே" என்றார் உன் மனுசன். நீ இன்னொரு துண்டை அவர் பீங்கானில் வைத்தாய். தின்றார்.

கடைசிக் குட்டியை உன் மகளின் பிள்ளைக்கென்று தொடங்கினாய். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்துக்கு வருமுன் ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. நாற்பதாம் நாள் கத்தம் கழிந்து, உன் மகள் அதைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"ஒரு பக்கம் உம்மா பூசினதாம், வாப்பா சொன்னார். நான் பிரிச்சுப் பாக்கல்ல ஆன்ட்டி, ஏலாது. மத்தப் பக்கத்தை நீங்க முடிச்சுத் தாங்க. உம்மா தொட்டது மட்டும் அழிஞ்சிராம."

அதுதான் எனக்கும் பயம். பிழை வந்தால் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு துளி மூக்கைத் தாண்டி வழிந்தால், உன் கடைசிக் கைவேலை என் துணிக்கு வந்துவிடும். இரண்டு கிழமை தொடவேயில்லை. அலுமாரியை அடுக்கினேன். மூன்று புத்தகங்களை முடித்தேன். கோழைகளுக்கு வாசிப்பு நல்ல துணை.

பிறகு ஒரு காலை நீலத்தைக் கரைத்தேன். உன் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நரம்பு வரைந்தேன். ஒரு கோடு வளைந்தது. சிவப்பு ஓரிடத்தில் கூடிப்போனது. துடைக்கத் துணியை எடுத்தேன், எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒன்பது பூச்சும் முடிந்தபோது, உன் பக்கத்தில் தாயின் நிழலில் தூங்கும் குட்டி; என் பக்கத்தில் இப்போதுதான் ஏச்சு வாங்கிய குட்டி.

மகள் வந்து அதை மடியில் கிடத்தினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு வலது கன்னத்தில் விரலை வைத்தாள்.

"பாருங்களேன், உம்மாட கை அப்படியே தெரியுது." மற்றப் பக்கத்தைத் தடவி, என் மனம் நோகக்கூடாதென்று சேர்த்துக்கொண்டாள்: "நீங்களும் நல்லாத்தான் பூசியிருக்கிறீங்க, ஆன்ட்டி."

ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். அவளைத் திருத்தவில்லை. அவள் அந்த வலது கன்னத்தில் முகத்தை வைத்து அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

அவள் சொன்னது பிழைதான் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.