கழுத்துக் குழாயும் உன் கௌரவமும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் கழுத்து உட்பட. அங்கே உன் உடம்பும், அதைவிட முக்கியமாக உன் கௌரவமும் நலமா என்று அறிய ஆவல்.

கழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறாயா? போன மாதம் நான் நண்பர் வீட்டுக்குப் போயிருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாளே, அந்த நண்பர் வீடு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு. குடலில் ஓட்டை, அவசர ஆபரேஷன். கை நரம்புகள் மருந்து தாங்கவில்லை என்று கழுத்து வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் சென்ட்ரல் லைன் என்ற மருந்துக் குழாயைப் போட்டார்கள். உன்னிடம் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து இறங்கி, நானும் டாக்டர்தான் என்று இங்குள்ள டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பாய் என்று பயந்து மறைத்துவிட்டோம். கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். உன் தங்கை வேலை மாறிவிட்டாள், புது மேலாளர் பழையவரை விட மோசம் என்று சந்தோஷமாகப் புலம்புகிறாள். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் தினமும் வருகிறார், போனில்.

நேற்று நீ அம்மாவிடம் குமுறித் தீர்த்தாயாம். நோயாளிக்கு இதே லைனைப் போடும்போது உன் கையுறை கட்டில் கம்பியில் பட்டுவிட்டது, மாற்றுங்கள் என்று ஒரு நர்ஸ் ஜூனியர்கள் முன்னால் உன்னை நிறுத்திவிட்டாளாம். படவே இல்லையாம். புகார் எழுதி அவளை வேறு வார்டுக்குத் தூக்கியடிக்கப் போகிறாயாம். அடடா, என்ன கொடுமை! இத்தனை வருஷம் படித்த கையைப் போய் ஒருத்தி சந்தேகப்படுவதா? நான் ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துப் பிழைத்தவன். நான் மிதிக்கும்போதெல்லாம், நானே நிறுத்தத்தான் சார் போனேன் என்று ஓட்டப் பழகுகிறவர்கள் முறைப்பார்கள். எதிரே வந்த லாரிக்கு அது தெரியுமா என்று கேட்பேன்.

எனக்குக் குழாய் போட்டபோது முழு மயக்கம் இல்லை, கழுத்து மரத்துப்போக ஓர் ஊசி மட்டும். முகத்தோடு சேர்த்து உடம்பு முழுக்கத் துணியால் மூடிவிட்டார்கள், உயிரோடு இருக்கும்போதே ஒத்திகை. காது மட்டும் வேலை செய்தது. அந்த அறையில் கை கழுவச் சொல்லிச் சிரிக்கும் படம் ஒன்று உண்டு, அதன் கீழே சோப்பு பாட்டில் காலி. சிடுமூஞ்சி நர்ஸ் ஒருத்தியும் உண்டு, என்னைப் பார்த்து ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை. டாக்டருக்கு அவசரம். நிறுத்துங்க சார், கழுத்துல தடவுன கிருமி மருந்து இன்னும் காயல என்றாள். எனக்குத் தெரியும்மா என்றார் அவர், அப்படியே உன் குரல். தெரிஞ்சா சரி, காயட்டும் என்றாள். அவர் நின்றார். மருந்து காயும் வரைக்கும் நின்றார். பிறகு தினமும் காலையில், இவருக்கு இந்த லைன் இன்னும் வேணுமா சார் என்று கேட்டுக் கேட்டு, வேண்டாம் என்று ஆன அன்றே எடுக்க வைத்தவளும் அவள்தான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சர். அவருக்குக் குழாயை வேறு ஷிப்டில் போட்டார்கள், நிறுத்தச் சொல்ல ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறி, கட்டிலே ஆடும்படி குளிரில் நடுங்கினார். கட்டில் காலியானதும், வீட்டுக்குப் போய்விட்டாரா என்று சிடுமூஞ்சியிடம் கேட்டேன். என் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுதேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டுத் தூங்கு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்டவர்களும் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, புகாரை அனுப்பும் முன்னால் அந்தப் பெண்ணிடம் போய், அடுத்த தடவையும் என்னை நிறுத்துவீர்களா என்று கேள். நிறுத்துவேன் என்று சொல்ல அவள் யோசித்தாளானால், உன்னிடம் கழுத்தைக் காட்ட எனக்குப் பயமாக இருக்கிறது மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா